எஸ் மரபணு எங்கே போனது?

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தென்னாப்பிரிக்காவில் கொரோனா தொற்று மிகவும் தணிந்திருந்த நேரம். நாடு முழுவதிலும் நாளொன்றுக்குச் சில நூறு பேருக்கே நோய் கண்டது. மூன்றாவது அலையை எழுப்பிய டெல்டா ஓய்ந்துவிட்டது, கோடை விடுமுறைக்கு ஊர் போகலாம் என்று மக்கள் திட்டமிட்டுக் கொண்டிருந்தார்கள். (அங்கே டிசம்பர்தான் கோடை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.) அப்போது கௌட்டெங் மாநிலத்தில் ஒரு பெரிய தனியார் ஆய்வகத்தில், நோயாளிகளின் மூக்குச்சளியைச் சோதித்துக் கொண்டிருந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். வைரஸ் இருக்கிறது என்று கருவி சொல்கிறது. ஆனால் வைரசின் ஒரு பகுதியை மட்டும் அதனால் காண முடியவில்லை. ஒரு நோயாளியிடம் மட்டும் அப்படி நேர்ந்தால் சோதனையில் பிழை என்று விட்டுவிடலாம். அடுத்தடுத்துப் பலரிடம் அதே குறை தெரிந்தது.

அந்தக் குறைதான் பின்னர் ஓமிக்ரான் என்று பெயர் பெற்ற திரிபின் முதல் தடயம். அதை எப்படிப் படித்தார்கள், அடுத்த சில நாள்களில் உலகம் என்ன செய்தது, நாள்தோறும் வெளியான சுகாதார அறிக்கைகளில் நாம் எதைச் சரியாகப் படித்தோம், எதைத் தவறாகப் படித்தோம் என்பதை இங்கே பார்ப்போம். நான் இயற்பியல் கற்பிப்பவன். உயிரியலை இந்தப் பெருந்தொற்றின்போதுதான் கட்டாயத்தின் பேரில் கற்றேன். ஆகவே எண்கள் வரும் இடத்தில் சற்றுக் கூடுதலாக நின்றால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி

பி.சி.ஆர். சோதனை என்ற சொல்லை 2020க்குப் பின் அறியாதவர் இல்லை. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியில் வைரசின் மரபுப்பொருள் மிகச் சொற்பமாகவே இருக்கும். அதை நேரே காண இயலாது. ஆகவே முதலில் அதைப் பெருக்குகிறார்கள். கருவியில் ஒரு சுற்று முடிந்தால் ஒரு துணுக்கு இரண்டாகும். அடுத்த சுற்றில் நான்கு, அதற்கடுத்து எட்டு. பத்துச் சுற்றில் 1,024. முப்பது சுற்றில் 107 கோடிக்கும் மேல்! சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டித்த கதைதான் இது. துணுக்குகள் பெருகப் பெருக, அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பொருளின் ஒளி கூடும். அந்த ஒளி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வைரஸ் உண்டு என்று பொருள்.

வைரஸ் முழுவதையும் பெருக்குவதில்லை. அதன் நூலில் சில பக்கங்களை மட்டும் தேடி எடுத்துப் பெருக்குவார்கள். தென்னாப்பிரிக்காவில் பரவலாக வழங்கிய ஒரு சோதனைத் தொகுப்பு மூன்று இடங்களைத் தேடியது. அவற்றுள் ஒன்று எஸ் மரபணு. வைரசின் மேற்பரப்பில் முள்முள்ளாக நீட்டிக் கொண்டிருக்கிறதே, அந்தக் கூர்ப்புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அதில்தான் உள்ளது. மூன்று விளக்குகள் எரிய வேண்டும். இரண்டுதான் எரிந்தன. எஸ் விளக்கு எரியவில்லை.

எங்கே போயிற்று எஸ் மரபணு? எங்கும் போகவில்லை. அது இல்லாமல் வைரஸ் உயிரணுவுக்குள் நுழையவே முடியாது. சோதனைத் தொகுப்பு எந்த இடத்தின் மேல் ஒட்டிக்கொள்ளுமாறு செய்யப்பட்டிருந்ததோ, அந்த இடத்தில் ஆறு எழுத்துகள் மட்டும் விடுபட்டிருந்தன.

கடல் படம் மரம் பணம்

கொரோனா வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்னும் நீண்ட இழை. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் அது. முதன்முதலில் வூகானில் பெறப்பட்ட மாதிரியை 2020 ஜனவரியில் படித்து வெளியிட்டபோது அதில் 29,903 எழுத்துகள் இருந்தன. பக்கத்துக்கு 1,500 எழுத்து என்று கொண்டால் இருபது பக்கச் சிறு நூல். உயிரணு இந்த நூலை மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்டால் புரதம்.

இப்போது ஒரு விளையாட்டு. ‘கடல் படம் மரம் பணம்’ என்று எழுதுங்கள். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். இதில் ‘படம்’ என்னும் மூன்று எழுத்தையும் எடுத்துவிடுங்கள். ‘கடல் மரம் பணம்’ என்று நிற்கும். ஒரு சொல் குறைந்தது, மற்றவை கெடவில்லை. மாறாக, இரண்டாம் எழுத்தாகிய ‘ட’வை மட்டும் நீக்கி மூன்று மூன்றாகப் படியுங்கள். ‘கல்ப டம்ம ரம்ப ணம்’! எல்லாம் பாழ். ஆகவே ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ விடுபட்டால் பெரும்பாலும் அந்த வைரஸ் பிழைப்பதில்லை. மூன்றோ ஆறோ விடுபட்டால் பிழைக்கலாம். எஸ் மரபணுவில் விடுபட்டவை ஆறு. கூர்ப்புரதத்தில் 69, 70ஆம் இடங்களில் இருந்த இரண்டு மணிகள் உதிர்ந்தன. மாலை அறவில்லை.

இந்தத் தடயம் ஆய்வாளர்களுக்கு முன்பே பழக்கமானது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தலையெடுத்த ஆல்ஃபா திரிபிலும் இதே ஆறு எழுத்துகள் இல்லை. அந்த நவம்பரில் நாடடங்கு நடைமுறையில் இருந்தபோது மற்ற பகுதிகளில் தொற்று இறங்க, கென்டில் மட்டும் ஏறியது. ஏன் என்று தேடியவர்கள், எஸ் விளக்கு எரியாத மாதிரிகள் வாரத்துக்கு வாரம் கூடுவதைக் கண்டார்கள். ஒரு சோதனைத் தொகுப்பின் குறைபாடு, செலவின்றிக் கிடைத்த ஒற்றனாயிற்று. அதன் பிறகு வந்த டெல்டாவில் அந்த ஆறு எழுத்துகள் இருந்தன. டெல்டா ஆட்சி செய்த 2021இல் எல்லா மாதிரிகளிலும் மூன்று விளக்குகளும் எரிந்தன. எனவே நவம்பரில் மறுபடியும் ஒரு விளக்கு அணைந்தபோது, வந்திருப்பது டெல்டா அன்று என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

அது எது? அதற்கு முழு நூலையும் எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். அந்த ஆய்வகத்தின் அறிவியல் தலைவர் ராக்கெல் வியானா எட்டு மாதிரிகளைப் படிக்கச் செய்தார். நவம்பர் 19ஆம் நாள் விடை வந்தது. கூர்ப்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள்! ஏறத்தாழ அதே நாள்களில் அண்டை நாடான போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோ என்ற ஆய்வாளரின் குழுவும், நவம்பர் 11இல் எடுக்கப்பட்ட மாதிரிகளில் இதே வைரசைக் கண்டது.

முப்பது என்ற எண் ஏன் அவர்களைத் திடுக்கிடச் செய்தது? வைரஸ் பெருகும்போது தன் நூலைப் படியெடுக்கிறது. படியெடுப்பில் பிழை நேரும். கொரோனா வகை வைரஸ்களிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவரைப் போல. அவர் கண்ணுக்கும் சில தப்பும். ஒரு பரம்பரையில் மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து மாறும் என்பது அதுவரை கண்ட கணக்கு. அதுவும் முப்பதாயிரம் எழுத்துகளில் எங்காவது நேரும். இங்கேயோ எட்டில் ஒரு பங்கேயான எஸ் மரபணுவில் மாற்றங்கள் குவிந்திருந்தன. இடைப்பட்ட படிகளை யாரும் எங்கும் கண்டதில்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய ஒருவரது உடலில் பல மாதம் தங்கி அங்கேயே மாறியிருக்கலாம் என்பார் பலர். சோதனை நடக்காத ஏதோ ஒரு பகுதியில் மெல்லப் பரவியிருக்கலாம் என்பர் சிலர். விலங்கொன்றுக்குத் தொற்றி, மாறி, மனிதனிடம் திரும்பியிருக்கலாம் என்பதும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டு ஐசோடோப்புகள்

நூலைப் படித்தால் வைரஸ் எப்படி மாறியிருக்கிறது என்று தெரியும். அது மற்றதை வெல்லுமா என்பது தெரியாது. அதற்கு எண்ண வேண்டும். இங்கேதான் எனக்கும் வேலை வருகிறது.

புதிய திரிபு ஒன்று ஆயிரம் நோயாளிகளில் ஒருவரிடம் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பழையது கூடாமல் குறையாமல் நிற்கிறது. புதியது மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.) பதினைந்து நாளில் ஐந்து முறை இரட்டித்து 32 ஆகும். ஆயிரத்துச் சொச்சம் பேரில் 32 என்றால் நூற்றுக்கு மூன்று. ‘மூன்றே விழுக்காடுதானே, பார்த்துக் கொள்ளலாம்’ என்று தோன்றும். இன்னும் பதினைந்து நாளில் அது 1,024 ஆகிவிடும். அதாவது சரிபாதிக்கு மேல். ஆயிரத்தில் ஒன்றிலிருந்து நூற்றுக்கு மூன்றாவதற்கு எவ்வளவு நாள் பிடித்ததோ, அங்கிருந்து பாதியாவதற்கும் அதே நாள்தான். மூன்று விழுக்காடு என்ற செய்தி நம் காதில் விழும்போது பாதி வழி கடந்துவிட்டது.

இதைச் சாதாரண வரைபடத்தாளில் வரைந்தால் முதல் பாதி தரையோடு தரையாகக் கிடக்கும், பிறகு சுவர் போல் எழும். அரைமடக்கைத் தாளில் வரைந்தால் முதல் நாளிலிருந்தே நேர்கோடு. சுவரும் இல்லை, திடீரென்றும் இல்லை. 2021 மே மாதத்தில் கல்லூரி மூடிக்கிடந்தபோது, தமிழ்நாட்டு அரசின் மாலை அறிக்கையில் வரும் எண்களை நான் அரைமடக்கைத் தாளில் நாள்தோறும் குறித்து வந்தேன். மாணவர்களுக்கு மடக்கை எதற்கு என்று பத்தாண்டுகளாகச் சொல்லி விளங்காதது, அந்த ஒரு தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியதும் விளங்கிற்று. அப்படி விளங்கியதில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் எத்தனை வீடுகள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திரிபின் பங்கு கூடுகிறது என்ற செய்தியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு குடுவையில் இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகளைக் கலந்து வைத்திருக்கிறோம். ஒன்றின் அரையாயுள் ஒரு நாள், மற்றதன் அரையாயுள் பத்து நாள். இரண்டும் குறைந்துகொண்டுதான் வருகின்றன. ஆனால் இருப்பதில் இரண்டாவதன் பங்கு நாளுக்கு நாள் கூடி, நூற்றுக்கு நூறை நெருங்கும். பங்கு கூடுவதைப் பார்த்து அது பெருகுகிறது என்று சொன்னால் தேர்வில் மதிப்பெண் போய்விடும். திரிபுகளுக்கும் அப்படியே. ‘புதிய திரிபு எண்பது விழுக்காடு’ என்ற தலைப்பைக் கண்டால், மொத்தம் எத்தனை என்று அடுத்த வரியில் தேட வேண்டும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களுக்கும் முதலில் இந்த ஐயம் இருந்தது. மொத்தத் தொற்றே குறைவாக இருக்கும்போது, ஒரே ஒரு விருந்தில் பரவிய வைரஸ்கூடப் பெரும்பங்காகத் தோற்றமளிக்கும். ஆனால் கௌட்டெங்கில் பங்கும் கூடியது, மொத்த எண்ணிக்கையும் கூடியது, மாநிலத்தின் ஒரு மூலையிலன்றிப் பல பகுதிகளிலும் எஸ் விளக்கு அணைந்தது. ஐயம் தீர்ந்தது.

சொன்னவருக்குத் தண்டனை

நவம்பர் 24இல் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பியது. 25இல் அந்நாட்டு அமைச்சரும், மரபணு ஆய்வுகளை ஒருங்கிணைத்த துலியோ டி ஒலிவெய்ராவும் செய்தியாளர்களைச் சந்தித்து, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார்கள். 26இல் உலக சுகாதார நிறுவனம் இதனைக் கவலைக்குரிய திரிபு என அறிவித்து ஓமிக்ரான் என்று பெயரிட்டது. மாதிரி எடுத்ததிலிருந்து உலக எச்சரிக்கை வரை ஏறத்தாழ இரண்டே வாரம். இதைவிட விரைவாக நடந்ததாக எனக்கு நினைவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. திரிபுகளை அவை முதலில் தென்பட்ட நாட்டின் பெயரால் வழங்கினால் அந்நாட்டு மக்கள்மீது பழி விழுகிறது, அதற்கஞ்சி நாடுகள் உண்மையை மறைக்கவும் கூடும் என்பதால் 2021 மே 31 முதல் கிரேக்க எழுத்துகளைச் சூட்டி வந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 2020இன் இறுதியில் முதலில் அறியப்பட்ட திரிபு அப்படித்தான் டெல்டாவாயிற்று. அந்த வரிசைப்படி இதற்கு ‘நியூ’ என்ற எழுத்து வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘புதியது’ என்ற சொல்லோடு குழம்பும் என்று அதை விட்டார்கள். அடுத்த எழுத்து சீனர் பலருக்குக் குடும்பப்பெயராக இருப்பதால் அதையும் விட்டார்கள். அதற்கடுத்தது ஓமிக்ரான்.

பெயரில் இத்தனை கவனம் காட்டிய உலகம், செயலில் காட்டவில்லை. செய்தி வெளியான ஓரிரு நாளில் பிரிட்டன் முதலிய பல நாடுகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்து வரும் விமானங்களைத் தடை செய்தன. பின்னர் நெதர்லாந்தில் நவம்பர் 19, 23 நாள்களில் எடுத்துவைத்த மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது அவற்றிலும் ஓமிக்ரான் இருந்தது! தடை விதிப்பதற்கு முன்பே வைரஸ் ஐரோப்பாவில் இருந்திருக்கிறது. தேடியவர்கள் முதலில் கண்டார்கள், கண்டதைச் சொன்னார்கள், அதற்காகக் கதவடைப்புப் பெற்றார்கள். அடுத்த முறை ஒரு நாடு வாய் திறக்கத் தயங்கினால் குற்றம் யாருடையது? விமானங்கள் வராததால், தென்னாப்பிரிக்க ஆய்வகங்களுக்கு வர வேண்டிய வேதிப்பொருள்களும் தடைப்படும் என்று டி ஒலிவெய்ரா அப்போதே எச்சரித்தார். எரிகிற வீட்டைக் காட்டியவனின் வாளியைப் பிடுங்கிக்கொண்ட கதை இது.

நம் ஊரிலும் எஸ் விளக்கு பயன்பட்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வெளிநாட்டுப் பயணிகளின் மாதிரிகளை இதே முறையில் சலித்து, எஸ் மரபணு காணாமற்போனவற்றைத் தனியே எடுத்து முழு மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த பயணி ஒருவருக்கு ஓமிக்ரான் இருப்பது டிசம்பர் 15இல் உறுதியாயிற்று. அறிக்கையில் ‘எஸ் ஜீன் டிராப்’ என்ற சொற்றொடர் இடம்பெற, அது என்ன என்று கேட்டு எனக்கு வந்த செய்திகளே இந்தக் கட்டுரைக்கு முதல் விதை.

‘மென்மையானது’ என்ற சொல்

இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் கடைசியில் ஊரிலிருந்து அத்தை பேசினார். எழுபது வயதைத் தாண்டியவர், அதுவரை தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர். “ஏன் சாமி, புதுசா வந்திருக்கிறது வெறும் சளிக்காய்ச்சல்தானாமே? ஊசிக்கு இப்ப என்ன அவசரம்?” என்று கேட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அறிக்கைகளை நான் படித்திருந்தேன். மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முந்தைய அலைகளைவிடக் குறைவு, உயிர்வளி தேவைப்பட்டவர்கள் இன்னும் குறைவு. “ஆமாம் அத்தை, மென்மையானதுதான் என்கிறார்கள்” என்றேன். ஊசியைப் பற்றிக் கேட்டதற்கு, பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொன்னதாக நினைவு. பொங்கலன்று அவர் மாவட்டத் தலைநகரில் ஒரு மருத்துவமனையில் உயிர்வளிக் குழாயோடு படுத்திருந்தார். பதினோரு நாள் கழித்து நலமாக வீடு திரும்பினார். என்னிடம் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

மென்மை என்பது வைரசின் இயல்பா, அதை ஏற்ற உடலின் இயல்பா? தென்னாப்பிரிக்க அறிக்கையைப் படித்தவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஓமிக்ரான் வருமுன்பே கௌட்டெங் மக்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எதிர்ப்பொருள் இருந்ததை அங்கு நடந்த இரத்த ஆய்வு காட்டியது. முந்தைய மூன்று அலைகளில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மேலும் அது இளைஞர் மிகுந்த நாடு. ஓமிக்ரானின் மாறிய கூர்ப்புரதத்தை இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் எளிதில் அடையாளம் காணவில்லை. ஆகவே முன்பு நோய் வந்தவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் மீண்டும் தொற்றியது. ஆனால் நம் உடலில் டி அணுக்கள் என்றொரு படை உண்டு. அவை வைரஸ் புரதத்தைச் சிறு துண்டுகளாக அடையாளம் காண்பவை. முப்பது இடம் மாறினாலும் மாறாத துண்டுகள் நிறைய. அந்தப் படை நோய் முற்றாமல் தடுத்தது. ஓமிக்ரான் டெல்டாவைவிட நுரையீரலைக் குறைவாகத் தாக்கியதும் உண்மைதான். ஆயினும் மென்மையில் பெரும்பங்கு முன்பே பெற்ற எதிர்ப்பாற்றலின் கொடை. அந்தக் கொடை இல்லாத உடலுக்கு?

ஹாங்காங் அதற்கு விடை சொன்னது. 74 லட்சம் மக்கள் வாழும் அந்த நகரம் இரண்டாண்டுகளாக வைரசை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. 2021 முடியும்வரை மொத்த இறப்பு 213. நோய் அறியாத ஊர் அது. முதியவர்களில் மிகப் பலர் ஊசிக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தார்கள். 2022 தொடக்கத்தில் ஓமிக்ரான் உள்ளே புகுந்தது. ஏப்ரல் முடிவதற்குள் இறப்பு 9,000ஐத் தாண்டியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் ஊசி முழுமையாகப் போட்டுக்கொள்ளாதவர்கள். அதே ‘மென்மையான’ திரிபுதான்.

அடுத்து, பெருக்கல். ஒரு திரிபு ஆயிரம் நோயாளிகளில் பத்துப் பேரைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று மூன்று பேரைத்தான் கொல்கிறது. முதலாவது ஒரு லட்சம் பேரைத் தொற்றினால் ஆயிரம் இறப்பு. இரண்டாவது அதே காலத்தில் ஐந்து லட்சம் பேரைத் தொற்றினால் ஆயிரத்தைந்நூறு. தனி மனிதனுக்கு ஆபத்து குறைந்தது, ஊருக்கு ஆபத்து கூடியது. இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மை. சுகாதாரத் துறை ஊரைப் பார்த்துப் பேசுகிறது, நாம் நம்மைப் பார்த்துக் கேட்கிறோம். அறிக்கைகள் முன்னுக்குப் பின் முரண்படுவதாக நமக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

அறிக்கை எண்களில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குறைவான மாதிரிகளே சோதிக்கப்படுவதால் வாரத் தொடக்கத்தில் தொற்று குறைவது போல் தெரியும். ஏழு நாள் சராசரி எடுத்தால் அந்தக் குழி மறையும். இதைவிட முக்கியமானது காலத்தாழ்வு. மின்சுருளில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால் மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்ட பிறகே மின்னோட்டம் உச்சத்தைத் தொடும் என்று படித்திருப்பீர்கள். தொற்று, மருத்துவமனைச் சேர்க்கை, இறப்பு ஆகிய மூன்று அலைகளும் அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவன. தமிழ்நாட்டில் 2021 மே 21இல் ஒரு நாள் தொற்று 36,184 என்ற உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்கியது. இறப்பு எண்ணிக்கையோ அதற்குப் பிறகும் பல நாள் ஏறிக்கொண்டிருந்தது. ‘தொற்று குறைகிறது என்கிறார்கள், சாவு கூடுகிறதே, எது பொய்?’ என்று பலர் கேட்டார்கள். எதுவும் பொய்யில்லை. அன்றைய இறப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய தொற்றின் எதிரொலி. ஓமிக்ரானின் முதல் மூன்று வாரத்தில் இறப்பு குறைவு என்று யார் சொல்லியிருந்தாலும், அவர்கள் பாதி அலையைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஐந்து மைக்ரான் தகராறு

அறிக்கைகள் தவறியதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓர் இயற்பியல் ஆசிரியன் மறக்க முடியாத தவறு ஒன்று உண்டு. 2020 மார்ச் 28இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று திட்டவட்டமாக அறிவித்தது. இருமும்போது தெறிக்கும் துளிகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும், ஆகவே இடைவெளி போதும் என்பது கருத்து. ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்டவை எல்லாம் விழும் துளி என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எழுதி வந்தன.

ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். நூறு மைக்ரான் துளி வாயிலிருந்து தரைக்கு வரச் சில விநாடிகள் போதும். ஐந்து மைக்ரான் துளி நொடிக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒன்றரை மீட்டர் இறங்க, காற்று அசையாத அறையிலேயே அரைமணி நேரத்துக்கு மேலாகும். ஒரு மைக்ரானுக்குப் பல மணி நேரம். மின்விசிறி சுழலும் வகுப்பறையில் அது இறங்கவே இறங்காது. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி வெளிப்படையாக எழுதினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் லிடியா மொராவ்ஸ்கா. அவர் இயற்பியலாளர்! காற்றில் பரவும் என்பதைத் தெளிவான சொற்களில் ஒப்புக்கொள்ள நிறுவனத்துக்கு 2021 ஆகிவிட்டது. அதற்குள் உலகம் மேசை நாற்காலிகளைத் துடைப்பதில் செலவிட்ட உழைப்பைச் சன்னலைத் திறப்பதில் செலவிட்டிருக்கலாம். கிருமிநாசினி தெளித்த அறையில், சன்னல்களை இறுக மூடிக் குளிரூட்டியை ஓடவிட்டு நடந்த ‘கொரோனா விழிப்புணர்வுக் கூட்டம்’ ஒன்றில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

திரிபு மாறினால் எதிர்ப்பொருள் ஏமாறலாம். ஸ்டோக்ஸ் விதி ஏமாறாது. ஆல்ஃபாவுக்கும் டெல்டாவுக்கும் ஓமிக்ரானுக்கும் துளியின் விட்டம் ஒன்றுதான்.

விளக்கு மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைந்தது

ஓமிக்ரானின் கிளைகளில் ஒன்றான பி.ஏ.2 இல் அந்த ஆறு எழுத்துகள் விடுபடவில்லை. 2022இன் தொடக்கத்தில் அது பெருகியபோது மூன்று விளக்குகளும் எரிந்தன. ‘ஒளிந்து வரும் ஓமிக்ரான்’ என்று சில செய்தித்தாள்கள் எழுதி மக்களைக் கலங்கடித்தன. அது ஒளியவில்லை. பி.சி.ஆர். சோதனையில் வழக்கம் போலவே பிடிபட்டது. மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் குறுக்குவழிதான் அடைபட்டது.

2023 மே 5இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. மாலை அறிக்கைகள் நின்றன, பெரும்பாலான நாடுகளில் சோதனைகளும் நின்றன. இப்போது பல நாடுகளில் நோயாளியின் மூக்கைவிட ஊரின் கழிவுநீரே அதிகம் சோதிக்கப்படுகிறது. மலத்தின் வழியே வைரசின் துணுக்குகள் சாக்கடையை அடைவதால், சோதனைக்கு வராதவரின் கணக்கும் அதில் சேர்ந்துவிடுகிறது.

அந்த ஆண்டின் ஆகஸ்டில் டென்மார்க்கிலும் இஸ்ரேலிலும் சில மாதிரிகளில் பி.ஏ.2.86 என்ற புதிய கிளை தெரிந்தது. தன் முன்னோரான பி.ஏ.2ஐவிடக் கூர்ப்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். மறுபடியும் ஓர் ஓமிக்ரானோ என்று ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன. வாரங்கள் சென்றன, அது அப்படியொன்றும் பாயவில்லை. பின்னர் அதன் கூர்ப்புரதத்தில் 455ஆம் மணி ஒன்று மாறியது. லியூசின் இருந்த இடத்தில் செரின். அந்த ஒரு மாற்றத்தோடு பிறந்த ஜே.என்.1 என்னும் கிளை சில மாதத்தில் உலகெங்கும் மற்றவற்றை ஒதுக்கிவிட்டது. 2023 டிசம்பர் 18இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கவனத்துக்குரிய திரிபு என்று வகைப்படுத்தியது. முப்பது மாற்றங்கள் செய்யாததை ஒரு மாற்றம் செய்தது.

அதன் எஸ் மரபணுவில் 69, 70ஆம் மணிகள் மறுபடியும் இல்லை. அந்தப் பழைய சோதனைத் தொகுப்பில் அதற்கு இரண்டு விளக்குகள்தான் எரியும்.